வரகுக்கோழிக்கு வயல்தான் வீடு: இரண்டு அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கும், மத்திய வேளாண்மை மற்றும் உழவர் நல அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

ஒரே மடலை இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. நான் சொல்லவரும் பறவையின் கோப்பு முதல் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பறவை முட்டையிடும் நிலமோ பெரும்பாலும் இரண்டாவது அலுவலகத்தின் திட்டங்கள் ஓடும் நிலம். இரண்டுக்கும் நடுவில் அது அழிந்துகொண்டிருக்கிறது.

தமிழில் அதற்கு வரகுக்கோழி என்று பெயர். மராத்தியில் தண்மோர், குஜராத்தியில் கட்மோர், இந்தியில் கர்மோர். எல்லாமே புல்லில் வாழும் மயில் என்ற பொருளில் வந்த பெயர்கள். தெலுங்கில் நேல நெமலி, அதாவது தரை மயில். சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் அதை மயிலோடு சேர்த்துப் பெயர் வைத்திருக்க, தமிழர்கள் மட்டும் ஒரு பயிரோடு சேர்த்திருக்கிறார்கள். வரகு வயலில் பார்த்துப் பழகியவர்கள்தான் அப்படி ஒரு பெயரை வைத்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

நான் பெரம்பலூர் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்தவன். வரகு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் வரகுக்கோழியைப் பார்த்ததாக ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் மட்டும் மிச்சமிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், இந்தியப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்தவர். திருச்சிக்கு அருகே ஓர் அக்டோபர் மாதத்தில், அடைகாத்துக்கொண்டிருந்த வரகுக்கோழிப் பெட்டையைக் கூட்டிலிருந்து கிளப்பியதாக அவர் குறித்திருக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அந்த வரியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நான் சிறுவயதில் ஆடு ஓட்டிப்போன காட்டு மேடுகளில் இது முட்டையிட்டிருக்கக்கூடும் என்ற நினைப்பு இன்றுவரை விடவில்லை.

அதைப் பார்க்க நான் ராஜஸ்தானுக்குப் போக வேண்டியிருந்தது. அஜ்மீர் மாவட்டத்தில் பல கிராமங்கள் சேர்ந்த ஷோகலியா என்ற பகுதி. ஆகஸ்ட் மாதம், முந்தின இரவு நல்ல மழை. காட்டுக்குள் கூட்டிப்போவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். கூட்டிப்போனது பாசிப்பயற்று வயலுக்கு. ஒரு பக்கம் பயறு, அடுத்து சோளம், இடையில் மாட்டுக்காக விட்டுவைத்த புல். வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். புல்லுக்குள்ளிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று ஆள் உயரத்துக்கு எம்பியது, இறக்கையைப் படபடவென்று அடித்து, கழுத்தை வளைத்து, அப்படியே நேராகக் கீழே விழுந்து மறைந்தது. தவளை கத்துவதுபோல ஒரு சத்தம் பின்னாலேயே வந்தது. நான் பார்த்ததை நம்புவதற்குள் மறுபடி எம்பியது.

ஆண் பறவை பெட்டைக்காக ஆடும் ஆட்டம் அது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்குச் சில நூறு முறை இப்படிக் குதிக்கும். தலைக்குப் பின்னால் நாடாபோல நீண்டு நுனியில் அகன்ற இறகுகள் அந்தக் காலத்தில் மட்டும் முளைக்கும். திறந்த புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயிலின் சொந்தக்காரன்தான் இது. ஆனால் உருவம் நம் ஊர்க்கோழியைவிடச் சிறியது. ஆண் அரைக் கிலோ தேறும், பெட்டை அதைவிடக் கொஞ்சம் பெரியது. பெட்டை தரையில் ஒரு சின்னக் குழியில் மூன்று நான்கு முட்டை இடும். மூன்று வாரம் தனியாகவே அடைகாக்கும். ஆண் அந்தப் பக்கமே வராது. வெட்டுக்கிளி, வண்டு, விதை, இளந்தளிர் இவைதான் உணவு. தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் கடைசி, ஜூலையில் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்துக்கு வந்து, குஞ்சு பொரித்து, மழை முடிந்ததும் தக்காணத்தின் பக்கம் கலைந்துவிடும்.

அந்தக் குதிதான் அதற்கு எமனாகவும் ஆனது. வெள்ளைக்காரர் காலத்தில் இது பேர்போன வேட்டைப் பறவை. கறி ருசியானது என்பார்கள். புல்லுக்குள் ஒளிந்திருப்பதைத் தேடவே வேண்டாம், குதிக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் போதும். அதுவும் சரியாக இனப்பெருக்கக் காலத்தில். ஆண்டாண்டாய் ஆண் பறவைகளை அப்படித்தான் சுட்டுத் தள்ளினார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் அதன் முதல் அட்டவணையில் இது சேர்ந்தது. துப்பாக்கி பெரும்பாலும் நின்றது. ஆனால் பறவை குறைவது நிற்கவில்லை.

எண்ணிக்கையைக் கேளுங்கள். 1982-ல் நாடு முழுக்க 4,374 என்று ஒரு மதிப்பீடு. தொடர்ந்து வந்த வறட்சிக்குப் பிறகு 1989-ல் 1,672. மழை திரும்பியதும் பறவையும் திரும்பியது: 1994-ல் 2,206, 1999-ல் 3,530. இந்தக் கணக்குகளுக்குப் பின்னால் பெரிய உழைப்பைப் போட்டவர் ரவி சங்கரன். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009-ல் இளம் வயதிலேயே காலமானவர். அவர் வாழ்ந்த காலத்தின் எண்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்தப் பறவைக்கு எழுந்து வரத் தெரியும். பத்தே ஆண்டில் இரண்டு மடங்கானது. பிறகு 2017-ல் மறுபடி தேடியபோது மிஞ்சியிருந்தவை சில நூறு மட்டுமே என்று தெரியவந்தது. 1999ஐ ஒப்பிட்டால் சுமார் 80 விழுக்காடு வீழ்ச்சி. 2021-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை, அற்றுப்போவதற்கு முந்தைய கடைசிப் படியான மிக ஆபத்தான நிலைக்கு மாற்றியது.

1980களின் வறட்சியில் குறைந்தது, மீண்டது. இப்போது மழை பெய்தும் மீளவில்லை. திரும்பி வந்து இறங்க நிலம் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விளக்கம்.

அந்த நிலம் எங்கே போனது? மத்தியப் பிரதேசத்தின் மால்வா பீடபூமியில் 1970களுக்குப் பிறகு சோயா பரவியது. சோளமும் புல்லும் இருந்த இடமெல்லாம் சோயா. அது மழைக்காலப் பயிர்; வரகுக்கோழி முட்டையிடும் அதே மாதங்களில் அந்த வயல்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். குஜராத்தில் பாசனம் வந்த இடங்களில் பருத்தி. கட்ச், பாவ்நகர் பக்கங்களில் சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கதையை எங்கள் ராமநாதபுரத்து மக்களிடம் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள். மீதியிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு அரசுக் கணக்கில் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம்: சூரிய மின்தகடு, காற்றாலை, கல்குவாரி. மரம் நடுவதுகூட இதில் சேர்த்திதான். மரம் நடுபவர்களுக்கு வரவுப் புள்ளி தரும் பசுமை வரவுத் திட்டத்துக்காக 2024-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிகளிலேயே புதர் நிலமும் தரிசும் மரம் நடுவதற்குத் தகுந்த இடங்களாகச் சொல்லப்பட்டிருந்தன. புல்வெளியில் மரம் நடுவதைப் பசுமை என்று நினைப்பவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் இந்தப் பறவைக்கு மரம் என்றால் கழுகும் காக்கையும் உட்காரும் இடம். அது பிறந்தது திறந்த வெளிக்காக.

இனி, ஷோகலியாவில் அந்தப் பயற்று வயலின் சொந்தக்காரர் என்னிடம் கேட்டதைச் சொல்கிறேன். இந்த மடலே அதற்காகத்தான். வயதானவர். அறுபது எழுபது இருக்கும். பறவையைப் பார்த்த பூரிப்பில் நான் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். கூட வந்த நண்பர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது என் நிலத்தில் இருக்கிறது என்று நீங்கள் போய் எழுதினால், நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

மத்தியப் பிரதேசத்தில் சிவபுரி மாவட்டம் கரேராவில் 1981-ல் கானமயிலுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். அதற்குள் வந்த நிலத்தில் பெரும்பகுதி தனியார் பட்டா. முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் நிலத்தை விற்கவும் வாங்கவும் தடை. மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்க முடியாது. கிணறு வெட்டக் கடன் வாங்க அடமானம் வைக்க முடியாது. அதுவரை கானமயிலைத் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்த மக்கள் அதை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1990களில் பறவையே அங்கிருந்து காணாமல் போனது. தடை மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. பறவை இல்லாத ஊரில் பறவைக்கான தண்டனை.

வரகுக்கோழிக்காக 1983-ல் பறவையியலாளர் சாலிம் அலியின் யோசனைப்படி ரத்லம் மாவட்டம் சைலானாவிலும், தார் மாவட்டம் சர்தார்பூரிலும் சரணாலயங்கள் வந்தன. சாலிம் அலியின் நோக்கத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் இல்லையென்றால் இந்தப் பறவையைப் பற்றி அரசு யோசித்திருக்கவே மாட்டாது. ஆனால் சர்தார்பூரிலும் பதினான்கு கிராமங்களின் நிலம் அதே தடைக்குள் சிக்கியது, அதே கசப்பு வளர்ந்தது. இன்று இந்த இரண்டு இடங்களிலும் வரகுக்கோழியை விரல்விட்டு எண்ணலாம், அதுவும் நல்ல ஆண்டாக இருந்தால். நாட்டில் இந்தப் பறவை இன்னமும் ஓரளவு கூடி வரும் முக்கியமான இடங்களில் ஒன்று பாவ்நகர் அருகே வேளாவதர் தேசியப் பூங்கா. இன்னொன்று அந்தப் பெரியவரின் ஷோகலியா, எந்த வேலியும் போடாமல் உழுது விதைத்த நிலம்.

இதிலிருந்து நான் சொல்லவருவது சரணாலயமே கூடாது என்பதில்லை. வேளாவதர் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் நான்கு மாதம் வயலில் வாழ்ந்து, எட்டு மாதம் எங்கோ அலையும் பறவைக்கு, கெஜட்டில் கோடு கிழித்து வீடு கட்ட முடியாது. அதற்கு வேண்டியது உழவனின் சம்மதம். அந்தச் சம்மதத்துக்கு நியாயமான விலை கொடுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

இதற்கு எங்கள் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, அந்த ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுத்தில் கொடுத்தார். ஊராருக்கு என்ன லாபம்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. விளைச்சல் கூடியது. இருநூறு ஆண்டு தாண்டியும் அந்த ஏற்பாடு உடையவில்லை. உழவனிடமிருந்து எதையும் பிடுங்காமல், அவன் ஏற்கெனவே பெற்றுவந்த நன்மைக்கு அரசு காவல் நின்றது, அதனால்தான் உடையவில்லை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் மக்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை.

வயல் பறவைக்குப் பயிர் முறைதான் உயிர் என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது இங்கிலாந்தின் சாம்பல் கௌதாரி. அதுவும் ஒரு காலத்தில் அங்கே முதன்மையான வேட்டைப் பறவை. நூறு ஆண்டுக்கு முன் பத்து லட்சம் ஜோடிக்குக் குறையாமல் இருந்தது, இப்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் என்று தேடியவர்கள் சஸ்ஸெக்ஸ் பகுதி வயல்களில் 1968 முதல் ஆண்டுதோறும் பறவையையும் பூச்சியையும் களையையும் சேர்த்தே எண்ணிவந்தார்கள். டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த வேலை. அவர்கள் கண்டுபிடித்தது இது: களைக்கொல்லி கௌதாரியைக் கொல்லவில்லை. களையைக் கொன்றது. களை போனதால் அதில் வாழ்ந்த பூச்சி போனது. முதல் இரண்டு வாரம் பூச்சி இல்லாமல் கௌதாரிக் குஞ்சு பிழைக்காது. தாய் பதினைந்து முட்டை இட்டாலும் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அப்புறம் அவர்கள் சொன்ன வைத்தியமும் எளிமையானது. வயலின் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்து அடிக்காமல் விடுங்கள். வயலுக்கு நடுவே புல் மேடு போடுங்கள். இதை மனசோடு செய்த பண்ணைகளில் கௌதாரி திரும்பியது. அங்கே விவசாயிக்கு அந்த ஓர நிலத்துக்கான பணத்தை அரசின் வேளாண் திட்டங்கள் கொடுத்தன. வனத்துறை மட்டும் தனியாக நின்று இதைச் செய்திருக்க முடியாது.

அதனால் முதலில் வேளாண் அமைச்சகத்திடம் பேசுகிறேன்.

வரகுக்கோழி ஆண்டுதோறும் வந்திறங்கும் கிராமங்கள் எவை என்று வனத்துறையிடம் பட்டியல் இருக்கிறது. பெரிய பட்டியல் இல்லை. அந்தக் கிராமங்களில், மழைக்காலம் முழுக்கப் புல்லை அறுக்காமல் வைத்திருக்கும் உழவருக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுங்கள். பிஎம்-கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் போடும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வழி புதிதாக வெட்ட வேண்டியதில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் டெல்லியில் உட்கார்ந்து முடிவுசெய்யாதீர்கள். செப்டம்பரில் புல்லை அறுத்து விற்றால் என்ன கிடைக்கும், அறுக்காமல் அக்டோபர் கடைசிவரை காத்திருந்தால் புல் முற்றி விலை எவ்வளவு இறங்கும், அந்த ஒரு மாதம் மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும், இதெல்லாம் அந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஏனென்றால் அறுக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஆடுமாட்டை மொத்தமாக விரட்டச் சொல்லவில்லை. ஆண்டு முழுக்க மேயாமலும் அறுக்காமலும் விட்ட புல் அடர்ந்து முற்றி, நடுவில் கருவேலம் முளைத்து, வரகுக்கோழிக்கே உதவாமல் போகும். குதிக்கும் ஆண் பறவை பெட்டைக்குத் தெரிய வேண்டுமே. குளிர்காலத்தில் அறுத்து மேய்ந்த நிலத்தில்தான் அடுத்த மழைக்குச் சரியான உயரத்தில் புல் வரும். பிரச்சினை அந்த மூன்று நான்கு மாதம் மட்டும்தான்.

பிறகு பயிர். பாசிப்பயறு, உளுந்து, சோளம், எள், இவற்றை விதைக்கும் உழவர் மழைக்கும் விலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எப்போது சோயாவுக்கோ பருத்திக்கோ மாறலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் ஊரிலும் வரகை விட்டு மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போனது அப்படித்தான். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்க ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்தது இந்தியா. எனக்கு அதில் பெருமை உண்டு. அந்த அக்கறையின் ஒரு பங்கை இந்தச் சில நூறு கிராமங்களுக்குக் கொடுங்கள். வரகுக்கோழி வரும் ஊரில் விளைந்த சோளத்தையும் பயறையும் ஆதரவு விலையில் கடைசி மூட்டைவரை எடுத்துக்கொள்வோம் என்று ஒரு உறுதி. பூச்சிமருந்து அடிக்காமல் ஓரத்தில் விடும் கீற்றுக்கு ஒரு தொகை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு என் முதல் விண்ணப்பம், அந்தப் பெரியவரின் பயத்தைத் தீர்ப்பது. வரகுக்கோழி இருக்கிறது என்பதற்காக யாருடைய பட்டா நிலமும் முடக்கப்படாது என்று எழுத்தில், அவர்கள் மொழியில், கிராம சபையில் வைத்துச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு உழவர் தன் வயலில் கூட்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அதை மாற்றி, கூட்டைக் காட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அந்த இடத்தைச் சுற்றி உழாமல் அறுக்காமல் விட்டவருக்கு உடனே பணம் கிடைக்கும்படி செய்யுங்கள். உடனே என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து வரும் காசோலை, அடுத்த ஆண்டு அந்த மனிதரை உங்களிடம் அழைத்துவராது. வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தத்தில் சமூகக் காப்பகம் என்ற ஏற்பாடு இருக்கிறது. நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும், நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பு. வயல் பறவைக்கு அதைவிடப் பொருத்தமான வழி சட்டப் புத்தகத்தில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, தரிசு என்ற சொல். மேய்ச்சல் நிலத்தைப் புல்வெளி என்று தனியாக வகைப்படுத்தி எழுதுங்கள். குஜராத்தில் விடி என்று சொல்லும் புல்நிலங்களும் ராஜஸ்தானின் மேய்ச்சல் நிலங்களும் ஒன்றும் விளையாத இடங்கள் இல்லை. லட்சக்கணக்கான மாடுகளின் பால் அங்கிருந்துதான் வருகிறது. வரகுக்கோழி வரும் தாலுகாக்களில் மரம் நடும் திட்டங்களையும் சூரிய மின்நிலையங்களையும் அந்த நிலங்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்கம்பி பற்றியும் சொல்லியாக வேண்டும். பறக்கும்போது இந்தப் பறவைகள் அதில் மோதிச் சாகின்றன. உச்ச நீதிமன்றத்தில் 2019-ல் போடப்பட்ட வழக்கு கானமயிலுக்கும் வரகுக்கோழிக்கும் சேர்த்துத்தான். 2021 ஏப்ரலில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன நீதிமன்றம், 2024 மார்ச்சில் அந்தப் பொது உத்தரவை விலக்கி, நிபுணர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு முழுக்கக் கானமயிலைச் சுற்றியே நடந்தது. வரகுக்கோழி பெயரளவில் நின்றது. அது ஆண்டுக்கு இருமுறை, பல நூறு கிலோமீட்டர் போய்வரும் பறவை. செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பார்த்ததில் சில பறவைகளின் பாதைகள் தெரிந்திருக்கின்றன. அந்தப் பாதையில் புதிதாகக் கம்பி இழுக்கும் முன் அந்த வரைபடத்தை ஒருமுறை மேசையில் விரித்துப் பாருங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையில்லை.

கூண்டில் வைத்துப் பெருக்கும் முயற்சி நடக்கிறது. அதில் உழைப்பவர்களை மதிக்கிறேன், வேண்டிய முயற்சிதான். ஆனால் கூண்டில் பிறந்த குஞ்சை நாளை எந்த நிலத்தில் விடுவீர்கள்? அதே பயற்று வயலில்தான். அந்த வயல் அதற்குள் சோயாவாகிவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்.

தெருநாய்த் தொல்லை, காற்றாலை, கல்குவாரித் தூசு என்று இன்னும் இருக்கின்றன. அவற்றை உங்கள் அலுவலர்கள் என்னைவிட நன்றாகவே அறிவார்கள்.

ஷோகலியாவில் அன்று மாலை கிளம்பும்போது அந்தப் பெரியவர் எங்களுக்கு மோர் கொடுத்தார். நிலத்தை எடுப்பார்களா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை இருவரும் மறக்கவில்லை. கடைசியில், “எழுதமாட்டேன் என்று சொல்ல முடியாது ஐயா, ஆனால் உங்கள் நிலம் எது என்று எழுதமாட்டேன்” என்றேன். தலையை ஆட்டினார். அதனால்தான் இந்த மடலில் அவர் பெயரும் இல்லை, அவர் கிராமத்தின் பெயரும் இல்லை.

ஜூன் கடைசியில் அங்கே முதல் மழை விழும். பறவைகள் வரும். அதற்கு முன்னால் உங்கள் இரண்டு அமைச்சகங்களிலிருந்தும் ஆளுக்கு ஒரு அதிகாரியை, ஒரே வண்டியில், அந்தப் பகுதியின் கிராம சபைகளுக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பெரியவரும் அங்கே எங்காவது உட்கார்ந்திருப்பார். அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்த ஒருவன்